'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்': உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் எனக்கு வந்த குறுஞ்செய்திகளில் முக்கால்வாசி ஒரே வாக்கியம்தான்: "ஏதாவது வேண்டுமென்றால் தயங்காமல் சொல்லுங்கள்." அனுப்பியவர்கள் எல்லாருமே நல்லவர்கள். ஆனால் ஒருவரிடமும் நான் எதையும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டும். அதை யாரிடம் கேட்கலாம், அவருக்கு அது தொந்தரவாகுமா என்று கணக்குப் போட வேண்டும். குளிப்பதே மறந்துபோயிருந்த வாரம் அது.

அலுவலக நண்பர் ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதினார்: "நாளை காலை 7 மணிக்கு வருகிறேன். 11 மணி வரை வராந்தாவில் நான் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். வேண்டாம் என்றால் மட்டும் பதில் போடுங்கள்." நான் பதில் போடவில்லை, அவர் வந்தார். கையில் ஒரு புத்தகமும் கைப்பேசி சார்ஜரும் இருந்தன. புத்தகம் அவருக்கு, சார்ஜர் எனக்கு.

என்ன வேலை, எந்த நாள், எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்துவிட்டார். மறுப்பதற்கு ஒரு கதவையும் திறந்து வைத்தார். 'சொல்லுங்கள்' என்பவர்கள் அந்த முடிவுகளை எல்லாம், ஏற்கெனவே தத்தளிப்பவரின் தலையில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த தவறு, செய்த உதவிக்கு வால் முளைக்கவிடுவது. சாப்பாடு கொடுத்துவிட்டு, பாத்திரத்தை எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்பது. "சாப்பிட்டுப் பார்த்தீர்களா, பிடித்திருந்ததா" என்று இரண்டு முறை விசாரிப்பது. திருப்பித் தர வேண்டாத டப்பாவில் கொடுங்கள். வாசலில் வைத்துவிட்டு, 'வைத்திருக்கிறேன்' என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத உதவிக்குத் தனிப் பலம் உண்டு என்பதை உளவியலாளர் நியால் போல்ஜரும் உடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று காட்டியது. நியூயார்க்கில் வழக்கறிஞர் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய துணைவர்களும் அன்றாடம் தனித்தனியே நாட்குறிப்பு எழுதினார்கள். 'இன்று உதவினேன்' என்று துணைவர் குறித்து, படிப்பவரோ அதைக் கவனிக்காமலே விட்ட நாட்களில்தான் நல்ல பலன் தெரிந்தது. உதவி பெற்றதாக அவரே உணர்ந்தபோது மனச்சோர்வு கூடவும் செய்தது. 'என்னால் முடியவில்லை, பிறர் தயவில் இருக்கிறேன்' என்ற குறுகல் அதற்குக் காரணமாக இருக்கலாம். இதைப் படித்துவிட்டு எல்லா உதவியையும் ஒளித்து ஒளித்துச் செய்யக் கிளம்ப வேண்டாம். ஆளே வந்து பக்கத்தில் உட்கார வேண்டிய நேரங்கள் உண்டு. ஆனால் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதற்கு ஆரவாரம் எதற்கு?

கேட்காமல் செய்வதற்கும் எல்லை இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். கணவரை இழந்த தோழியின் வீட்டில், அவள் உறங்கிக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேசையைச் சுத்தம் செய்தேன். பழைய பில்கள், காலி மாத்திரை அட்டைகள், ஒரு மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். எழுந்து வந்தவள் மேசையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்தாள். மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவள் கணவர் கைப்பட எழுதிய மூன்று வரி வீட்டுக் கணக்கு இருந்தது. கிடைத்தது, ஈரம் பட்டு இரண்டாவது வரி கலைந்திருந்தது. பாத்திரம் கழுவலாம், குப்பையை வெளியே வைக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். பொருளை இடம் மாற்றுவதும் எறிவதும் அந்த வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான்.

நம் வருத்தத்தை எந்தப் பக்கம் இறக்கி வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். உளவியலாளர் சூசன் சில்க், சமரச நடுவர் பேரி கோல்ட்மன் இருவரும் 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழில் இதற்கு ஒரு வரைபடம் தந்தார்கள். நடுவில் துன்பப்படுபவர், சுற்றி நெருங்கியவர்கள், பிறகு தூரத்தவர்கள் என்று வட்டங்கள். ஆறுதல் உள்நோக்கிப் போகலாம், புலம்பல் வெளிநோக்கித்தான் போக வேண்டும். 'உன்னை இந்த நிலையில் பார்க்க என்னால் தாங்க முடியவில்லை' என்று நோயாளியிடமே அழுதால், அவர் எழுந்து நம்மைத் தேற்ற வேண்டியிருக்கும்.

நேரம் தவறுவதுதான் பலரும் உணராத தவறு. முதல் வாரம் நாற்காலி போதாது; இரண்டாம் மாதம் அழைப்பு மணியே ஒலிக்காது. கீமோதெரபி எடுப்பவரை மருந்து ஏறிய அன்றே எல்லாரும் விசாரிப்பார்கள். பல மருந்துகளில் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைவது அதற்குப் பிறகு 7 முதல் 14 நாட்களுக்குள். தொற்று எளிதில் பற்றும் காலம் அது. சளி, இருமலோடு நேரில் போகாதீர்கள். மருந்துக் கடைக்கோ ஆய்வகத்துக்கோ போய்வரும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அகலக்கால் வைக்காதீர்கள். தினமும் வருகிறேன் என்று சொல்லி மூன்றாம் நாள் காணாமல் போகிறவரை நம்பி, அந்த வீட்டில் வேறு ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள். வாரம் ஒரு நாள்தான் முடியுமென்றால், 'செவ்வாய்க்கிழமை மாலை மட்டும்' என்று சொல்லுங்கள். வர முடியாத செவ்வாயை முந்தைய நாளே தெரிவித்துவிடுங்கள்.