மூளைச் சீழ்க்கட்டி: ஊசியில் வந்த சீழ் லேபுக்கு உயிரோடு போய்ச் சேர

நியூரோசர்ஜரி வார்டில் புதிதாகச் சேர்ந்த ஹவுஸ் சர்ஜன்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் மற்ற எல்லாவற்றையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் சீழை லேபுக்குக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் உங்கள் வேலைதான்.

முதலில் ஸ்கேன். கான்ட்ராஸ்ட் மருந்து கொடுத்து எடுத்த சிடியில் கட்டி வளையம் போலத் தெரியும். சில புற்றுக்கட்டிகளும் அப்படித்தான் தெரியும் என்பதால் எம்ஆர்ஐ டிஃப்யூஷன் படத்தையும் பாருங்கள், வளையத்தின் நடுப்பகுதி பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் சீழாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டாம். மூளையில் அழுத்தம் ஏறியிருக்கும்போது அது உயிருக்கே ஆபத்து, கிருமியும் அதில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். அப்புறம், கிருமி எங்கிருந்து வந்திருக்கும் என்று தெரிய, காதில் சீழ் வடிந்ததா, சொத்தைப் பல் உண்டா, குழந்தை என்றால் பிறவி இதயக் கோளாறு உண்டா என்று மறக்காமல் கேளுங்கள்.

இரண்டாவது, ஆன்டிபயாடிக். நோயாளி தெளிவாக இருக்கிறார், 24 மணி நேரத்துக்குள் தியேட்டர் கிடைக்கும் என்றால் சீழ் எடுக்கும்வரை முதல் டோஸைத் தள்ளிவைக்கலாம். மயக்கம் தட்டுகிறது, செப்சிஸ் (உடல் முழுவதையும் தாக்கும் கடும் தொற்று), அல்லது கட்டி வென்ட்ரிக்கிளுக்குள் (மூளையின் உள்ளே இருக்கும் நீர் அறை) உடையும் நிலை என்றால் ஒரு நிமிடமும் காக்க வேண்டாம், பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு மருந்தை ஆரம்பித்துவிடுங்கள்.

மூன்றாவது, அறுவை. சுமார் 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி என்றால் பெரும்பாலும் மண்டையோட்டில் ஒரு சிறு துளை போட்டு, ஊசி வழியே சீழை உறிஞ்சுவார்கள். பல அறைகளாகப் பிரிந்த கட்டி, உள்ளே எலும்புத் துண்டு கிடப்பது, பூஞ்சை போன்ற நிலைகளில் சுவரோடு சேர்த்து அகற்ற வேண்டியிருக்கும்.

நான்காவதுதான் உங்கள் படி. சீழ் வந்த சிரிஞ்சிலிருந்து காற்றை வெளியேற்றுங்கள், ஊசியைக் கழற்றி மூடி போடுங்கள், அதே சிரிஞ்சைக் கையோடு லேபுக்குக் கொண்டுபோங்கள். ஸ்வாப் (பஞ்சுக் குச்சி) வேண்டாம், அதில் ஒட்டுவது கொஞ்சம், அதுவும் காய்ந்துவிடும்; காற்றுப் பட்டால் சாகும் கிருமிகள் இந்தச் சீழில் நிறைய. ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு குழந்தையின் சீழ் முழுவதும் கிருமியைக் கொன்றுவிடும் ஃபார்மலின் புட்டியில் போய்விட்டது, கல்ச்சருக்கு ஒரு சொட்டுகூட மிஞ்சவில்லை. இன்றும் நினைத்தால் மனசு கனக்கிறது. படிவத்தில் வெறுமனே 'சீழ்' என்று எழுதாமல், மூளையின் எந்தப் பகுதி, காது நோய் உண்டா, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை டோஸ் போயிருக்கிறது என்று எழுதுங்கள்.

லேபில் முதலில் கிராம் சாயம் (கிருமிக்கு நிறமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது). அதன் முடிவைப் போனிலேயே கேட்டு வாங்கிவிடலாம். கூடவே காசநோய், நோகார்டியா (மெதுவாக வளரும் ஒரு பாக்டீரியா), பூஞ்சைக்கான சாயங்கள். பிறகு கிருமி வளர்க்கும் தட்டுகள்: பிளட் அகார், சாக்லேட் அகார், மெக்கான்கி, இன்னொரு தட்டு காற்றில்லா ஜாடிக்குள். அந்த ஜாடியை 48 மணி நேரத்துக்கு முன் திறக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். நோகார்டியா சந்தேகம் என்றால் தட்டுகளை இரண்டு மூன்று வாரம் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் கிருமியே இல்லை என்று அர்த்தமில்லை, மீதிச் சீழில் 16எஸ் பிசிஆர் (பாக்டீரியாவின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் வளர்ந்திருக்கிறதே என்று காற்றில்லாக் கிருமிகளுக்கான மெட்ரோனிடசோலையும் உடனே நிறுத்திவிடாதீர்கள், கூட இருந்த காற்றில்லாக் கிருமி தட்டுக்கு வருமுன்பே செத்திருக்கலாம்.