வடிவமைப்புப் படிப்புக்கு முதலில் வாங்க வேண்டியது நோட்டுப் புத்தகம்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அனிமேஷனிலோ வடிவமைப்பிலோ ஆசை இருந்தால், எடுத்தவுடன் விலை உயர்ந்த கணினி வாங்கித் தராதீர்கள். கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு போதும்.

வடிவமைப்பு இளநிலைப் படிப்பில் சேர மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வுக்கு மொத்தம் 300 மதிப்பெண். அதில் 100, காகிதத்தில் கையால் வரைந்து காட்டும் பகுதிக்கு. மென்பொருள் அங்கே உதவிக்கு வராது.

தினமும் அரை மணி நேரம், கண்ணெதிரே நடப்பதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். டீக்கடைக்காரர் டீ ஆற்றும்போது முழங்கை எவ்வளவு உயர்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, பார்வை எந்த டம்ளரில் இருக்கிறது? இவ்வளவையும் நான்கைந்து கோடுகளில் பிடிக்க வேண்டும். முதல் வாரம் கை ஒத்துழைக்காது, பரவாயில்லை. புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் இந்தப் பயிற்சி கிடைக்காது. அசைவைத்தான் கேமரா ஏற்கெனவே நிறுத்திவிட்டதே!

சரியாக வராத படங்களைக் கிழித்துப் போடாமல், தேதி போட்டு வையுங்கள். படைப்புத் தொகுப்பு கேட்கும் கல்லூரிகளில், மெருகேற்றிய பத்துப் படங்களைவிட யோசித்த தடம் தெரியும் பக்கங்களே அதிகம் பேசும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று: யூசீட் எழுத அறிவியல் பிரிவில்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. வணிகவியல், கலைப் பிரிவு மாணவர்களும் எழுதலாம். தேர்வு வழக்கமாக ஜனவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும்.