கிரிப்டோ (மறைகுறியாக்க) நிரலைத் திறமூலத் திட்டத்துக்கு அனுப்புமுன் உரிமத்தைச் சரிபார்ப்பது எப்படி?

மறைகுறியாக்க முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதற்காக ஒருவர் எழுதிய நிரலுக்கு உண்டு. இந்தத் துறையிலோ பெரும்பாலும் மாதிரி நிரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறோம். சி நிரலை ரஸ்ட்டுக்கு மாற்றினாலும், மாறிகளின் பெயரையெல்லாம் மாற்றினாலும் மூலத்தின் உரிமம் கூடவே வரும். அதனால் எழுதத் தொடங்கும் அன்றே குறித்துவையுங்கள்: நிரல் எங்கிருந்து வந்தது, எந்த கமிட் (பதிவான மாற்றம்), அந்தக் கோப்பின் தலைப்பில் என்ன உரிமம்.

உரிம வரியே இல்லையென்றால் தொடாதீர்கள். கிட்ஹப்பில் எல்லோருக்கும் தெரியும்படி இருப்பது அனுமதி ஆகாது. ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள், அல்லது தரநிலை ஆவணத்தை மட்டும் வைத்து எழுதுங்கள். ஸ்டேக் ஓவர்ஃப்ளோ விடைகள் சிசி பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் (பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர வேண்டும்) உள்ளவை. அப்பாச்சி (பேட்டன்ட் அனுமதியும் தரும் திறமூல உரிமம்) உரிமத் திட்டத்துக்குள் அப்படியே ஒட்ட முடியாது.

சிசி0 (பதிப்புரிமையைக் கைவிடும் அறிவிப்பு) என்றிருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். பேட்டன்ட் உரிமை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று அதன் 4ஆம் பிரிவே சொல்கிறது. இதனால்தான் ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடு 2022இல் புதிய நிரல்களுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. பேட்டன்ட் தகராறுகள் நிறைந்த கிரிப்டோவில் இது சின்ன விஷயமல்ல. கைபர் என்ற மறைகுறியாக்க முறையின் மாதிரி நிரல் சிசி0 அல்லது அப்பாச்சி 2.0 என இரண்டில் கிடைக்கிறது. அப்பாச்சியை எடுத்துக்கொண்டு, அதைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது, சேரும் இடத்தின் உரிமம். அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கிரிப்டோ நிரலகத்துக்கு 3.0 முதல் (2021) அப்பாச்சி 2.0. லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஜிபிஎல் 2 உரிமம் மட்டும். அப்பாச்சியின் பேட்டன்ட் முறிவு விதி (பேட்டன்ட் வழக்குத் தொடுத்தால் அனுமதி ரத்து) ஜிபிஎல் 2இல் இல்லாத கூடுதல் நிபந்தனை என்பதால் இரண்டும் பொருந்தாது என்பதே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. ஆகவே ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து கெர்னலுக்கு நகலெடுக்கக் கூடாது. ஆனால் நிரலை எழுதியவர் தன் பங்கை வேறு உரிமத்தில் தரலாம். ஏஆர்எம்64 செயலிகளுக்கான கெர்னலின் எஸ்எச்ஏ-2 (ஒரு ஹாஷ் முறை) கோப்பு ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து வந்ததுதான். ஆசிரியரே ஜிபிஎல் 2இல் மறுஉரிமம் தந்தார் என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. நீங்களும் அனுமதியை எழுத்தில் வாங்கி, கமிட் செய்தியில் சேருங்கள். பலர் திருத்திய கோப்பு என்றால் எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும்.

உங்கள் நிரல் உங்களுடையதுதானா என்பதையும் பாருங்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்கே சொந்தம் என்கிறது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17(இ) பிரிவு. அப்படியானால் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி தேவை.

கெர்னலுக்கு எஸ்பிடிஎக்ஸ் வரி (உரிமத்தின் பெயரைச் சொல்லும் குறிப்பு) கோப்பின் முதல் வரியாக வர வேண்டும். ஷெபாங் (#! என்று தொடங்கும் வரி) இருந்தால் இரண்டாம் வரி. ஒவ்வொரு கமிட்டிலும் 'சைன்டு-ஆஃப்-பை' (அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறும் வரி) வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குப் பங்களிப்பாளர் ஒப்பந்தம் வேண்டும். எழுத்துப்பிழைத் திருத்தம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. ஒப்பந்தத்தில் தந்த மின்னஞ்சலும் கமிட்டில் உள்ள ஆசிரியர் மின்னஞ்சலும் ஒன்றாக இருக்கட்டும். மாறியிருந்தால் தானியங்கிச் சோதனை புல் ரிக்வெஸ்ட்டை (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) நிறுத்திவைக்கும்.