பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறைந்த செலவில் பவர் ஏற்றுவது எப்படி

பழைய ஹோண்டா சிட்டி விடெக், ஃபியட் பாலியோ 1.6, ஃபோர்டு ஐகான் 1.6 மாதிரி ஒரு வண்டி கையில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பவர் இருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் லட்சக்கணக்கில் பணம் இறக்க முடியாது. இப்படி இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனிக்காரர்கள் இவற்றை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லி விற்கவில்லைதான், ஆனால் 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ரோட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எங்களுக்கு இவைதான்.

சிட்டி விடெக்கின் 1493 சிசி இன்ஜின் புதிதில் 106 குதிரைத்திறன், பாலியோ 1.6 கிட்டத்தட்ட 100. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியில் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது, உங்களுக்கு விற்றவருக்கும் தெரியாது. அதனால் ஃபில்டர், சைலன்சர் என்று எதையும் ஆர்டர் போடுவதற்கு முன்னால் தொலைந்த குதிரைகளைத் தேடிப் பிடியுங்கள். டர்போ இல்லாத பழைய பெட்ரோல் இன்ஜினில் இதைவிட மலிவான பவர் வேறு கிடையாது.

கம்ப்ரஷன் டெஸ்ட்டில், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பதில், ஆரம்பியுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் மேலே போகலாம். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் ரொம்பக் குறைந்திருந்தால் அங்கேயே நில்லுங்கள், அந்த இன்ஜினுக்கு மேலே போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். அது சரியாக இருந்தால் பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, இக்னிஷன் டைமிங், ஃப்யூயல் பிரஷர், இன்ஜெக்டர் சுத்தம் என்று வரிசையாகப் பாருங்கள். டைமிங் பெல்ட் மாற்றும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் வண்டி ஓடும், ஆனால் மேல் ஆர்பிஎம்மில் (இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது) உயிரே இருக்காது, அப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடைவெளியை, காதால் கேட்டு வைக்க விடாதீர்கள், சிட்டிக்கு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.18 முதல் 0.22 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.27 மி.மீ., ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துத்தான் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு பெரிய தொல்லை தெர்மோஸ்டாட், இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று பல மெக்கானிக்குகள் அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும், பவரும் போகும், மைலேஜும் போகும். விடெக் வண்டியில் இன்னொரு நஷ்டமும் உண்டு, தண்ணீர் சூடாகாத வரை மேல் ஆர்பிஎம்மில் வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் பெரிய கேமுக்கு இசியு மாறவே விடாது, அந்த மாற்றம்தான் விடெக். அதே மாதிரி அந்த மாற்றத்துக்கு ஆயிலைத் திறந்து விடும் விடெக் சோலினாய்டுக்கு அடியில் ஒரு சின்ன வலை இருக்கும், பழைய ஆயில் அழுக்கு அதில் அடைத்துக்கொண்டால் ஆயில் அழுத்தம் போய்ச் சேராது, விடெக்கும் வேலை செய்யாது. ஐயாயிரம் ஆர்பிஎம் பக்கத்தில் சத்தமும் இழுவையும் மாறவில்லை என்றால் முதலில் ஆயில் அளவு, அப்புறம் அந்த வலை. ஒரு கேஸ்கெட் காசில் முடிகிற வேலை.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் உங்கள் பவரை அதுதான் தின்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளே உடைந்து அடைத்திருந்தாலும் இதே கதைதான். பெட்ரோல் ஹோஸ்களையும் விட்டுவிடாதீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய ரப்பர் ஊறிப் போகும், டேங்கில் ஒட்டியிருந்த அழுக்கு கிளம்பி ஃபில்டரை அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸும் ஒரு புது ஃபில்டரும் முதலிலேயே போட்டுவிடுங்கள். விலை கூடிய 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் பவர் வரும் என்பது வெறும் பேச்சு. கம்ப்ரஷனோ டைமிங்கோ ஏற்றிய இன்ஜினுக்குத்தான் அது உதவும், ஸ்டாக் இன்ஜினுக்குப் பர்ஸ் மட்டும்தான் லேசாகும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் அடுத்தது காற்று. பானெட்டுக்குள் பளபளவென்று கோன் ஃபில்டர் மாட்டுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அது உறிஞ்சுவது ரேடியேட்டர் பக்கத்துச் சுடு காற்றை. காற்றின் சூடு 10 டிகிரி ஏறினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைகிறது, அடர்த்தி குறைந்தால் பவரும் அதே அளவுக்குக் குறையும். ஏப்ரல் மாதத் தருமபுரியில் வெளியே 38 டிகிரி என்றால் பானெட்டுக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி ஏர் பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே நல்ல ஃபில்டர் போட்டு, அந்தக் குழாய் பம்பருக்கு வெளியே இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறதா என்று உறுதி செய்தால் போதும். கிரானைட் லாரி ஓடுகிற ரோட்டில் தினமும் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்: நம் மண்ணில் பறக்கும் கல் தூசி சிலிண்டர் சுவரை அரம் மாதிரி தேய்த்துவிடும், அதனால் காற்று தாராளமாகப் போகும் ஃபில்டர் என்று சொல்லித் தூசியையும் தாராளமாக விடும் சாமானை வாங்காதீர்கள், கம்பெனி பேப்பர் ஃபில்டரையே சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவது எவ்வளவோ மேல்.

எக்ஸாஸ்ட்டில் சத்தத்தைப் பவர் என்று நினைத்து ஏமாறுவதுதான் அதிகம். சைலன்சரை மட்டும் மாற்றினால் சத்தம் கிடைக்கும், பக்கத்து வீட்டுத் தாத்தாவின் திட்டு கிடைக்கும், குதிரை கிடைக்காது. கம்பெனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலாக ஹெடரை 4-2-1 அமைப்பில் (நான்கு பைப் இரண்டாகி, இரண்டு ஒன்றாகும் அமைப்பு) செய்து போட்டால்தான் ஏதாவது நடக்கும், அதுவும் ஒற்றை இலக்கக் குதிரைத்திறன்தான். இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைக்கும் சிஎன்சி வேலைக்கும் பஞ்சமே இல்லை, ஃபிளேஞ்ச் வெட்டவும் பைப் வளைக்கவும் ஆள் இருக்கிறார்கள், வெளியூரிலிருந்து ரெடிமேட் ஹெடர் வரவழைப்பதைவிட இது மலிவாக முடியலாம். 1.5 லிட்டர் இன்ஜினுக்கு இரண்டு அங்குலப் பைப்புக்கு மேல் போக வேண்டாம், பெரிய பைப் போட்டால் கீழ் ஆர்பிஎம் இழுவை செத்துவிடும், டவுனுக்குள் கியர் மாற்றியே கை வலிக்கும். கன்வெர்ட்டரைக் கழற்றி எறியச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், புகைச் சான்றிதழுக்குப் போகும்போது அவர் உங்கள் கூட வரமாட்டார்.

இசியு ரீமேப், அதாவது அந்தக் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி எழுதுவது பற்றிச் சுருக்கமாக. டர்போ இல்லாத இன்ஜினில் ஐந்து சதவீதம் ஏறினால் சந்தோஷப்படுங்கள், அதுவும் ஹெடர் போட்ட பிறகு, வைட்பேண்ட் சென்சார் வைத்து எரிபொருள் கலவையை அளந்து டியூன் செய்பவர் கிடைத்தால் மட்டும். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால் அந்த ஊரில் பந்தய வண்டி பார்த்துப் பழகிய கைகள் உண்டு, பெங்களூரு நமக்கு இன்னும் பக்கம். டர்போ வண்டி என்றால் கணக்கே வேறு. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்-இன் 1.8 டர்போ 150 குதிரையில் வந்தது, ரீமேப் மட்டும் செய்தே 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், பூஸ்ட் ஹோஸில் கசிவு இல்லாமலும் கிளட்ச் தாங்கும் நிலையிலும் இருந்தால். உண்மையிலேயே நிறையப் பவர் வேண்டும் என்பவர் சிட்டிக்கு டர்போ கிட் தேடி அலையாமல், கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த பழைய வண்டி ஒன்றைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

போர் ஏற்றினால், அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கினால், பவர் வரும் என்று சொல்வார்கள். சிட்டி இன்ஜினின் போர் 75 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 84.5 மி.மீ. அரை மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 1493 சிசி 1513 ஆகும். இருபது சிசி! தேய்ந்த இன்ஜினைச் சரிசெய்ய அது தேவைப்படலாம், பவருக்காக அதைச் செய்யாதீர்கள். ஹெட்டைக் கொஞ்சம் சீவிக் கம்ப்ரஷன் ஏற்றுவதில் பலன் உண்டு, ஆனால் எப்படியும் ஹெட்டைக் கழற்றவேண்டி வரும்போது சேர்த்துச் செய்தால்தான் காசு கட்டுப்படியாகும். வேறு வண்டியின் இன்ஜினைத் தூக்கி வைக்கும் யோசனை இருந்தால் முதலில் ஆர்டிஓ. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, இன்ஜின் மாற்ற முன்கூட்டியே அனுமதி வேண்டும், மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கூட வரலாம். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்க எப்படியும் ஆர்டிஓ முன்னால் போய் நிறுத்தத்தான் வேண்டும், எதையும் ஒளிக்க முடியாது.

காசே இல்லாமல் வேகம் வேண்டுமா? 15 அங்குல அலாய் வீலைக் கழற்றிவிட்டுக் கம்பெனி அளவு டயருக்குத் திரும்புங்கள். டயரின் மொத்த உயரம் கூடினால் கியர் நீளமாகிவிடும், சக்கர எடை கூடினால் ஒவ்வொரு தடவை ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதும் இன்ஜின் அதையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். டிக்கியில் கிடக்கும் சப்வூஃபர் பெட்டியையும் இறக்கிவிடுங்கள்.

எதைச் செய்தாலும் முன்னாலும் பின்னாலும் அளந்து பாருங்கள். பவரை அளக்கும் டைனோ மெஷின் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சமதளமான காலி ரோட்டில் மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை எத்தனை நொடி என்று போகும் திசையிலும் வரும் திசையிலும் எடுத்துச் சராசரி போடுங்கள். நேரத்தை ஸ்டியரிங் பிடிப்பவர் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். இடமும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடப் பத்து சதவீதம் போலக் குறைவு, தருமபுரிக்கு இறங்கினால் அழுத்தம் கூடும், ஆனால் வெயிலும் கூடும். ஒரே ஊரில் விடிகாலை 22 டிகிரிக்கும் மதியம் 38 டிகிரிக்கும் நடுவிலேயே ஐந்து சதவீத வித்தியாசம் வந்துவிடுகிறது, அதாவது 100 குதிரையில் ஐந்து. பழைய ஃபில்டரோடு மதியமும் புது ஃபில்டரோடு காலையிலும் ஓட்டிவிட்டு வண்டி பறக்கிறது என்று சொல்பவர்கள் இதனால்தான் உருவாகிறார்கள்.

தொப்பூர் கணவாயில் போய்ச் சோதிக்காதீர்கள், தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி எப்போது பின்னால் வரும் என்று சொல்ல முடியாது. அந்த வழியாக அடிக்கடி போகிறவர் என்றால் ஹெடருக்கு ஒதுக்கிய காசில் ஒரு பங்கைப் பிரேக்குக்குத் திருப்பிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை குறையும், நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி போவது அதனால்தான். டாட் 4 ஆயில் புதிதாக மாற்றி, பேட் மாற்றி, டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தில் இருக்கும் வாரத்தையும் வருஷத்தையும் படித்துப் பாருங்கள். 2316 என்று இருந்தால் அது 2016-இன் 23-ஆவது வாரத்து டயர், டயரின் மேல் ரப்பர் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.