நாலு மெஷினுக்கு பொதுவா ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், எப்படி பார்த்து வாங்குறது?

கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றவன் வீட்ல கம்ப்யூட்டர் ஒண்ணோட நிக்காது. எங்க வீட்ல எடிட்டிங்குக்கு ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப், தங்கச்சிக்கு ஆபீஸ்ல குடுத்த மேக்புக், அப்பா நியூஸ் படிக்க நான் உபுண்டு (லினக்ஸ்ல ஒரு வகை) போட்டுக் குடுத்த பழைய லேப்டாப், ஹால்ல டிவி, இது நாலுக்கும் நடுவுல அலையிறது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். புதுசா வாங்குற பசங்க எல்லாரும் "எத்தன டிபி வாங்கலாம்ணா?"னு தான் ஆரம்பிக்கிறாங்க, அது கடைசியா பார்க்க வேண்டிய விஷயம் தம்பி. எதுலெல்லாம் சொருகப் போறீங்கங்கிறது தான் முதல்ல.

ஸ்டெப் 1: போர்ட் பாருங்க

ஒரு பேப்பர்ல உங்க மெஷின் எல்லாத்தையும் எழுதி, பக்கத்துல என்ன யூஎஸ்பி போர்ட் இருக்குன்னு எழுதுங்க. போர்ட் உள்ள நீல கலர் இருந்தா பெரும்பாலும் யூஎஸ்பி 3.0, கறுப்பா இருந்தா 2.0வா இருக்கலாம் (சில லேப்டாப் கம்பெனி இந்த கலர் முறைய கண்டுக்குறதே இல்ல, அப்போ போர்ட் பக்கத்துல எஸ்எஸ்னு எழுதியிருக்கான்னு பாருங்க). பெட்டி மேல 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1னு மூணு விதமா போட்டு குழப்புவாங்க, மூணும் ஒண்ணு தான், செகண்டுக்கு அதே 5 கிகாபிட். சுத்துற டிஸ்க்குக்கு அதுவே தாராளம், ஏன்னா அந்த டிஸ்க்கே செகண்டுக்கு 100லேர்ந்து 140 எம்பி தான் தரும்.

ஆனா 2.0 போர்ட்ல சொருகினா 35 எம்பி பக்கம் தான் வரும். 4 டிபிய முழுசா காப்பி பண்ண 3.0ல சுமார் 11 மணி நேரம்னா 2.0ல 31 மணி நேரத்துக்கு மேல ஆகும். இன்னொண்ணு, 2.0 போர்ட் குடுக்குற கரண்ட் 500 மில்லிஆம்ப் தான், 3.0 குடுக்குறது 900. பழைய லேப்டாப்ல சொருகினதும் டிக் டிக்னு சத்தம் மட்டும் வந்து டிஸ்க் தெரியலன்னா உடனே டிஸ்க் போச்சுன்னு பதறாதீங்க, கரண்ட் பத்தாம இருக்கலாம், வேற போர்ட்ல போட்டுப் பாருங்க. மேக்புக்ல டைப் சி மட்டும் தான் இருக்குன்னா அதுக்கு ஒரு கன்வெர்ட்டர் செலவையும் சேர்த்துக்கோங்க.

ஸ்டெப் 2: ஃபார்மேட்

இங்க தான் நான் சூடு பட்டேன். ஒரு தடவ தங்கச்சி மேக்ல ஃபார்மேட் பண்ணி ஃபோட்டோ எல்லாம் போட்டு வெச்சிருந்த டிஸ்க்க எடுத்து விண்டோஸ்ல சொருகினேன், ஃபார்மேட் பண்ணாதான் இத யூஸ் பண்ண முடியும்னு ஒரு பெட்டி வந்துச்சு, நான் என்னமோ காலி டிஸ்க்குன்னு நெனச்சு ஓகே குடுத்துட்டேன். அவ காலேஜ் டூர் ஃபோட்டோ மொத்தமும் அதுல தான் இருந்துச்சு. ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு முக்கால்வாசி எடுத்தேன், ஃபோல்டர் பேரு ஒண்ணும் வரல, இன்னைக்கும் ஏதாவது சண்டைன்னா அது தான் முதல் பாயிண்ட்.

விஷயம் இது தான். ஃபார்மேட்னா டிஸ்க்ல ஃபைல எப்படி அடுக்கி வைக்கிறதுங்கிற முறை, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முறை. விண்டோஸோட என்டிஎஃப்எஸ் டிஸ்க்க மேக் படிக்கும், ஆனா எழுத விடாது, அதுக்கு தனி சாஃப்ட்வேர் போடணும். மேக்கோட ஏபிஎஃப்எஸ் டிஸ்க் விண்டோஸுக்கு சுத்தமா புரியாது. பழைய ஃபேட்32 எல்லாத்துலயும் ஓடும், ஆனா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல வாங்காது, வீடியோக்காரனுக்கு அது எதுக்கு. மிச்சம் இருக்குறது எக்ஸ்ஃபேட், விண்டோஸ் மேக் ரெண்டும் படிக்கும் எழுதும், லினக்ஸுக்கும் 2019ல வந்த 5.4 கெர்னல்லேர்ந்து (கெர்னல்னா லினக்ஸோட மையப் பகுதி) உள்ளயே சப்போர்ட் இருக்கு. டிவி மட்டும் நம்ப முடியாது, மேனுவல்ல பார்த்துக்கோங்க.

எக்ஸ்ஃபேட்ல ஒரு குறை இருக்கு. என்டிஎஃப்எஸ், ஏபிஎஃப்எஸ் மாதிரி இல்லாம, எழுதிட்டு இருக்கும்போது பாதில வயர் புடுங்கினா சமாளிக்கிற ஏற்பாடு அதுல கிடையாது, அதனால இஜெக்ட் குடுக்காம உருவவே உருவாதீங்க. விண்டோஸ் மெஷின் மட்டும் தான்னா என்டிஎஃப்எஸ்ஸே நல்லது. மேக்ல டைம் மெஷின் பேக்கப் வேணும்னா அதுக்கு எக்ஸ்ஃபேட் ஆகாது, சின்னதா தனி டிஸ்க் ஒண்ணு வாங்கி அத அதுக்கே விட்டுடுங்க. டிஸ்க் கூட வர்ற பாஸ்வேர்ட் லாக்கும் பெரும்பாலும் விண்டோஸ், மேக்ல மட்டும் தான் திறக்கும், அப்பா லேப்டாப்லயும் டிவிலயும் திறக்காது.

ஸ்டெப் 3: எந்த வகை

பையில போட்டு எடுத்துட்டுப் போறதுக்கு 2.5 இன்ச், வயர் ஒண்ணே போதும், 5 டிபி வரைக்கும் ஈஸியா கிடைக்குது, 2024ல 6 டிபியும் வந்துடுச்சு. அதுக்கு மேல வேணும்னா 3.5 இன்ச், அதுக்கு தனியா கரண்ட் அடாப்டர் வேணும், மேசைய விட்டு நகராது. எஸ்எஸ்டின்னா உள்ள சுத்துற பார்ட் எதுவும் இல்லாத டிஸ்க், வேகமா இருக்கும், கீழ விழுந்தாலும் அவ்ளோ சீக்கிரம் சாகாது, ஆனா ஒரு டிபிக்கு விலை கணக்கு போட்டா கை நடுங்கும். பிராண்ட் சண்டைக்கு நான் வரல, உள்ள சுத்துற டிஸ்க்க செய்யிறது இன்னைக்கு சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா மூணு பேரு தான், வெளி டப்பால யார் பேரு போட்டிருந்தாலும்.

பெரிய சைஸ் 2.5 இன்ச் டிஸ்க் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகை. ஓட்டு வீட்டுக் கூரைய நெனச்சுக்கோங்க, ஒரு ஓட்டு மேல அடுத்த ஓடு கொஞ்சம் ஏறி உக்காந்திருக்கும்ல, டேட்டாவ அப்படித்தான் அடுக்குறாங்க, அதனால தான் சின்ன டப்பால அவ்ளோ இடம். நடுவுல ஒரு ஓட்ட மாத்தணும்னா மேல ஏறியிருக்குற ஓட்டையும் எடுத்துட்டு திரும்ப அடுக்கணும், அதான் பழசு மேல புதுசா எழுதும்போதும் ரொம்ப நேரம் தொடர்ந்து காப்பி பண்ணும்போதும் வேகம் திடீர்னு படுத்துடும். எழுதி வெச்சு அப்புறம் எடுத்துப் பார்க்க நல்ல டிஸ்க், அதுலேர்ந்தே நேரா எடிட் பண்ண லாயக்கில்ல.

ஸ்டெப் 4: இப்போ சைஸ்

கேமரா செகண்டுக்கு 100 மெகாபிட்ல 4கே எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரெண்டு கேமரா, ஆறு மணி நேரம்னா 540 ஜிபி. 5 டிபில ஒம்பது கல்யாணம் தான் அடங்கும். இந்த மாதிரி உங்க ஃபைலுக்கு ஒரு கணக்கு போட்டு ரெண்டு வருஷத்துக்கு எவ்ளோ வரும்னு பாருங்க. 5 டிபிய விண்டோஸ்ல சொருகினா 4.54னு காட்டும், கடைக்காரர் ஏமாத்தல, கம்பெனி ஆயிரத்தால வகுக்குது, விண்டோஸ் 1024ஆல வகுக்குது.

காசு இறுக்கமா இருந்தா 5 டிபி ஒண்ணுக்கு பதிலா 2 டிபி ரெண்டு வாங்குங்கன்னு தான் சொல்வேன், ஒண்ணுல இருக்குறது அப்படியே இன்னொண்ணுலயும். நாலு மெஷினுக்கு அலையிற டிஸ்க் என்னைக்காவது ஒரு நாள் கீழ விழும்.

ரெண்டாயிரம் ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டின்னு விளம்பரம் வரும் பாருங்க, தொடாதீங்க. உள்ள ஒரு சின்ன மெமரி கார்டு, அது 16 டிபின்னு பொய் சொல்ற மாதிரி செட் பண்ணி வெச்சிருப்பாங்க, உண்மையான இடம் நிறைஞ்சதும் புதுசா போடுற ஃபைல் எல்லாம் கெட்டுப் போகும், காப்பி ஆயிடுச்சுன்னு தான் காட்டும்.

ஸ்டெப் 5: வீட்டுக்கு வந்ததும்

விண்டோஸ்ல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர் போட்டு எத்தன மணி நேரம் ஓடியிருக்குன்னு பாருங்க, புது டிஸ்க்ல நூறு இருநூறு மணி காட்டினா திருப்பிக் குடுங்க. அப்புறம் எச்2டெஸ்ட்டபிள்யூங்கிற சாஃப்ட்வேர (மேக், லினக்ஸ்னா எஃப்3) ஓட விட்டு முழுசா எழுதிப் படிச்சு செக் பண்ணுங்க, ஒரு நாள் ஆகும், பரவால்ல. அது முடிஞ்சப்புறம் விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பார்ட்டிஷன் ஸ்டைல் (டிஸ்க் இடத்த பிரிச்சு கணக்கு வைக்கிற முறை) ஜிபிடின்னு இருக்கணும் (சாட்ஜிபிடி இல்ல, இது வேற), பழைய எம்பிஆர்னா 2 டிபிக்கு மேல இருக்குற இடம் கைக்கு வராது. எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணி, ஒரு சின்ன ஃபைல போட்டு, நாலு மெஷின்லயும் சொருகி திறந்து பாருங்க, டிவி உள்பட. டிவில வரலன்னா ரிட்டர்ன் தேதிக்குள்ள தெரிஞ்சிடும்ல.

கூட வர்ற அந்த தட்டையான மைக்ரோ பி வயர் தான் முதல்ல லூசாகுறது, ஆர்டர் போடும்போதே இன்னொண்ணு சேர்த்துப் போட்டுக்கோங்க. டிஸ்க் மேல ஒரு டேப் ஒட்டி வாங்குன தேதியும் "எக்ஸ்ஃபேட், ஃபார்மேட் கேட்டா கேன்சல் குடு"ன்னும் எழுதி வைங்க. எங்க வீட்டு டிஸ்க்ல அத எழுதினது தங்கச்சி, சிவப்பு மார்க்கர்ல, என் பேரையும் சேர்த்து.