சிறுதொழிலில் டிஜிட்டல் கருவிகளை எங்கிருந்து தொடங்குவது?

சிறுதொழில் நடத்துவோர் பலர் முதலில் இணையதளம் அமைக்கவே விரைகிறார்கள். கணக்கிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. விற்பனை, கொள்முதல், கையிருப்பு, வரவேண்டிய பாக்கி ஆகிய நான்கையும் கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாளில் (வரிசை, நெடுவரிசைக் கட்டங்களில் கணக்கெழுதும் மென்பொருளில்) நாள்தோறும் பதிந்து வந்தால், எந்தப் பொருள் விரைவில் விற்கிறது, எது முதலீட்டை முடக்கி வைத்திருக்கிறது என்பது சில மாதங்களிலேயே தெளிவாகத் தெரியவரும். அடுத்த கொள்முதலை அந்தப் பதிவைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நினைவை மட்டும் நம்பிச் சரக்கு வாங்குவது பெரும்பாலும் தேக்கத்தில்தான் முடிகிறது.

அடுத்து, கூகுள் வரைபடத்தில் தொழிலின் பெயர், முகவரி, வேலை நேரம் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பதிவு செய்து, அவை மாறும்போதெல்லாம் தவறாமல் திருத்துங்கள்.

2018-இல் அறிமுகமான வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள்களின் படங்களையும் விலையையும் பட்டியலாக வைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிச் சேமிக்கவும் முடியும். ஆனால், வாடிக்கையாளரின் இசைவின்றி விளம்பரச் செய்திகளை அனுப்பாதீர்கள். பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற நம்பிக்கை அதனால் குலைவது மிகவும் வருந்தத்தக்கது.

மின்னஞ்சல், வாட்ஸ்அப் இரண்டிலும் உள்நுழைய இரண்டாவது சான்றையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, விரிதாளின் நகல் ஒன்றை வாரந்தோறும் வேறொரு சாதனத்தில் சேமித்து வையுங்கள்.