சிறுவிடை வம்சம் கலையாமல் காக்கும் முறை

சாயல்குடியிலிருந்து தொண்டி வரை கடலோர ஊர்களில் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி இன்னும் முற்றத்தில் மேய்கிறது. ஆனால் கலப்பில்லாத வம்சத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிரிராஜா, வனராஜா போன்ற கலப்பினச் சேவல் ஒன்று தெருவில் திரிந்தால் போதும். முதல் தலைமுறைக் குஞ்சு எடையாக வரும், எல்லோருக்கும் சந்தோஷம். அதன் பேத்தியோ முட்டையிடும், அடை உட்காராது. அடை மறந்த கோழிக்கு இன்குபேட்டர் இல்லாமல் வம்சம் கிடையாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நிறமோ எடையோ அல்ல, அடைதான்.

பெருவிடை என்னும் சண்டைக்கோழியின் (அசில் இனம்) பெருமை கல்லிலேயே இருக்கிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில், சண்டையில் பேர் வாங்கிய கோழிக்கு வட்டெழுத்தில் நடுகல் நிற்கிறது. அந்த அசில் இனம் இங்கிலாந்தின் கார்ன்வால் போய், வேறு கோழிகளோடு கலந்து கார்னிஷ் என்னும் கறிக்கோழி இனம் ஆனது. இன்றைய பிராய்லரில் அந்த ரத்தம் ஓடுகிறது. கோழியினத்துக்கு மூலம் சிவப்புக் காட்டுக்கோழி. மஞ்சள் கால் மட்டும் நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வு காட்டியது. சிறுவிடைக்கு நடுகல் எதுவும் இல்லை. பொரித்துக் கூட்டிக்கொண்டு போய், பருந்துக்குக் கொடுக்காமல் வளர்க்கும் பெட்டைகளைப் பெண்கள் விற்காமல் வைத்துக்கொண்டார்களே, அதுதான் அதன் இனத்தேர்வு.

தொடங்கக் குறைந்தது மூன்று குடும்பம் வேண்டும்: குடும்பத்துக்கு 1 சேவல், 5 பெட்டை. மூன்றையும் வெவ்வேறு ஊரிலிருந்து எடுங்கள். சந்தையில் வாங்காதீர்கள், வீட்டுக்குப் போய்த் தாயைப் பாருங்கள். சேவல் அடை உட்காராது, ஆனால் அடைக்குணம் அதன் வழியாகவும் இறங்கும். எனவே சேவலை அதன் தாயையும் அக்கா தங்கைகளையும் வைத்தே மதிப்பிட வேண்டும். இருப்பதில் பெரிய சேவலையே ஆண்டுதோறும் நிறுத்தினால் பெட்டையும் கனத்துவிடும். கனத்த பெட்டை அடையில் முட்டையை மிதித்து உடைக்கும்.

1 சேவல், 8 பெட்டை என்று ஒரே கூட்டமாக விட்டால் தலைமுறைக்குச் சுமார் 14 சதவீதம் ரத்தம் நெருங்கும், அதாவது உறவுக்குள்ளேயே இனம் பெருகும். 3 சேவல், 15 பெட்டை என்றால் அது 5 சதவீதத்துக்கு இறங்கும். நெருக்கம் முதலில் பொரிப்பில் தெரியும்: முட்டைக்குள்ளேயே சாகும் குஞ்சு கூடும்.

சுழற்சி எளிது. 1ஆம் குடும்பத்தில் பிறந்த சேவல் 2க்கு, 2இன் சேவல் 3க்கு, 3இன் சேவல் 1க்கு. பெட்டைக்குஞ்சு பிறந்த குடும்பத்திலேயே நிற்கும். பொரித்த அன்றே கால்விரல் ஜவ்வில் துளை போடுங்கள்: 1க்கு இடது கால், 2க்கு வலது, 3க்கு இரண்டும். சிறு துளை மூடிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய சேவலைப் பிரித்த பிறகும் அதன் விந்து பெட்டைக்குள் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். சேவல் மாற்றிய முதல் 3 வார முட்டையைச் சமையலுக்கு எடுத்துவிடுங்கள், அடைக்கு வேண்டாம்.

ஒவ்வொரு பெட்டைக்கும் நோட்டில் மூன்று எண் போதும்: வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, 60ஆம் நாள் உயிரோடுள்ள குஞ்சு. மூன்றாவது எண்ணை வைத்தே அடுத்த தாயைத் தேர்ந்தெடுங்கள். 12 பொரித்து 4 மிஞ்சிய பெட்டையைவிட 9 பொரித்து 8 மிஞ்சியது மேல். மொட்டைக்கழுத்து பிறந்தால் கழிக்காதீர்கள், நம் வெயிலுக்கு நல்லது. கழுத்தின் முன்பக்கம் ஒரு கொத்து இறகு இருந்தால் மொட்டைக்கழுத்துக் குணம் ஒரு பக்கப் பெற்றோரிடமிருந்து மட்டுமே வந்தது.

அடைக்குத் தை, மாசி சரியான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குஞ்சு ஈரத்தில் விறைக்கும், ரத்தக்கழிச்சல் வரும். கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முட்டை அளவுக்கு மேல் வற்றும். அறைச் சூட்டில் கரு அரைகுறையாக வளர்ந்து செத்துவிடும் என்பதால் 5 நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். கூடையில் கடல் மணல் போடக்கூடாது, உப்பு ஈரத்தை இழுக்கும். நன்கு கழுவிய மணலும் வைக்கோலும் போட்டு 10 முதல் 12 முட்டை வையுங்கள். 7ஆம் இரவு டார்ச் வெளிச்சத்தில் சிலந்திவலை போல ரத்தநரம்பு தெரியாததைக் கூமுட்டை என்று எடுத்துவிடலாம். 21ஆம் நாள் பொரிக்கும்.

குஞ்சுக்கு உவர்க்கிணற்றுத் தண்ணீர் கூடாது, ஊற்றுத் தண்ணீரோ சேர்த்துவைத்த மழைநீரோ கொடுங்கள். கருவாட்டுக் கழிவும் அப்படியே. உப்பு மிஞ்சினால் கழிச்சல் தண்ணீராகும், வயிற்றில் நீர் கோக்கும். உப்பிடாத மீன் கழிவை வேகவைத்து, குதிரைவாலி நொய்யோடு கொஞ்சமாகக் கலக்கலாம்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கேட்) நோய்க்கு 7ஆம் நாள் லசோட்டா தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு. 8ஆம் வாரம் ஆர்2பி தடுப்பூசி, இறக்கைக்கு அடியில் தோலின் கீழ் 0.5 மி.லி. குடும்பத்துக்கு ஓர் உதிரிச் சேவல் எப்போதும் இருக்கட்டும், ஆனால் அதே முற்றத்தில் அல்ல. நோய் புகுந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகும். வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டுப் பஞ்சாரத்தில் விட்ட சேவலைக் கொண்டுதான் மறுபடி தொடங்க முடியும்.